பிரான்சைஸா, சொந்தக் கடையா? தம்பியின் டீக்கடைக் கணக்கு

சார்ஜாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய என் தம்பி, சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை போடுவது என்று தீர்மானித்திருக்கிறான். கிளைகள் பல கொண்ட ஒரு டீக்கடை நிறுவனத்தின் பிரான்சைஸை எடுப்பதா, சொந்தப் பெயரில் தொடங்குவதா என்பதில்தான் வீட்டில் சில மாதங்களாகப் பேச்சு. நான் பாளையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பவன். இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வருகிறவர்கள் அநேகம். ஆனால் போகப்போவது தம்பியின் பணம் என்றபோது ஒவ்வொரு வரியையும் நிறுத்திப் படிக்கத் தோன்றியது. வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதால், நாங்கள் யோசித்த வழியை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிரான்சைஸ் கொடுக்கும் நிறுவனம் நமக்கு விற்பது அதன் பெயரையும், கடை நடத்தும் முறையையும், சரக்கு தவறாமல் வந்து சேரும் ஏற்பாட்டையும்தான். இவற்றில் எது நம்மிடம் இல்லை என்று தெளிவாகச் சொல்ல முடியாதவர், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வருகிறார். என் தம்பியிடம் முதல் இருக்கிறது, உழைப்புக்கு அஞ்சாத உடம்பு இருக்கிறது, பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய ஆட்கள் சமாதானபுரம் முதல் பெருமாள்புரம் வரை இருக்கிறார்கள். அவனிடம் இல்லாதது கடை நடத்திப் பழகிய கை ஒன்றுதான். அந்த ஒன்றுக்காகப் பெயருக்கும் சரக்குக்கும் சேர்த்து எவ்வளவு கொடுக்கப்போகிறான் என்று பார்க்கத்தான் கணக்கில் உட்கார்ந்தோம்.

நிறுவனம் கேட்டது ஐந்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் நுழைவுக் கட்டணம், மாத விற்பனையில் 5 விழுக்காடு ராயல்டி. டீத்தூள், மசாலா, பெயர் அச்சடித்த கப், பிஸ்கட் எல்லாவற்றையும் அவர்களிடமே வாங்க வேண்டும். டீ, காபி, வடை, பஜ்ஜி, பன் எல்லாம் சேர்த்து மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு விற்கும் கடை என்று வைத்துக்கொண்டோம். பால், சரக்கு, கேஸ், வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட், வரி எல்லாம் போக, சொந்தக் கடையாக இருந்தால் 45,000 ரூபாய் மிஞ்சும் என்பது, நான் கணக்கு எழுதும் கடைகளை வைத்துப் பார்த்தால் நியாயமான மதிப்பீடு. அதே கடை பிரான்சைஸாக இருந்தால் ராயல்டி 15,000. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2,700. அவர்கள் கொடுக்கும் சரக்கின் விலைக்கும் கடைத்தெரு விலைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் ஏறத்தாழ 10,000 வந்தது. நுழைவுக் கட்டணத்தை ஜிஎஸ்டியோடு சேர்த்து 5,90,000 என்று எடுத்து 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 9,833. எல்லாவற்றையும் கழித்தபின் கையில் நிற்பது 7,467 ரூபாய்.

“பேருக்கு ஆளு கூட வரும்லா, அண்ணே?” என்று தம்பி கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி அது. வாடகையும் சம்பளமும் கூடாத வரையில், கூடுதலாக விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சரக்குச் செலவு போக 40 ரூபாய் மிஞ்சும் என்றும், விற்பனை கூடினால் ராயல்டியும் அதன் வரியும் சரக்கு விலை வித்தியாசமும் அதே அளவில் கூடும் என்றும் எடுத்துக்கொண்டு திரும்பவும் போட்டுப் பார்த்தோம். சொந்தக் கடையில் கிடைக்கும் அதே 45,000 ரூபாய் பிரான்சைஸ் கடையிலும் கிடைக்க வேண்டுமானால், மாத விற்பனை 4,22,000 ரூபாயைத் தொட வேண்டும். அதாவது 100 பேர் வரக்கூடிய இடத்தில், பெயர்ப் பலகைக்காக மட்டுமே இன்னும் 40 பேர் வந்தாக வேண்டும். அந்த 40 பேருக்கும் அதே ஆட்களும் அதே அடுப்பும் போதுமானதாக இருக்க வேண்டும். கடை போட நினைத்த இடத்துக்கு எதிரே மாலை நேரங்களில் நின்று வருகிற கூட்டத்தை எண்ணிப் பார்த்த தம்பிக்கு, அந்த 40 பேர் எங்கிருந்து வருவார்கள் என்று சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ராயல்டி என்பது லாபத்தில் பங்கு அல்ல, விற்பனையில் பங்கு. பால் விலை ஏறினாலும், மாஸ்டர் சம்பளம் ஏறினாலும், நமக்கு நட்டமே வந்தாலும், அவர்களுடைய 5 விழுக்காடு அப்படியே போகும். பாளையில் இது சாதாரண விஷயம் அல்ல. சேவியர்ஸ், ஜான்ஸ், சாரா டக்கர் என்று கல்லூரிகளை நம்பி நடக்கும் கடைகளுக்குக் கோடை விடுமுறையில் விற்பனை எப்படிப் படுத்துவிடும் என்பதை அவர்களுடைய மே மாதக் கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் ‘குறைந்தபட்ச ராயல்டி’ என்று ஒரு தொகை எழுதியிருந்தால் அந்த மாதங்களில் அது கைப்பணத்திலிருந்துதான் போகும்.

ஜிஎஸ்டியைப் பற்றி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். ராயல்டிக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் போடும் 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். துணிக்கடைக்கோ செருப்புக் கடைக்கோ அது சரி. ஆனால் டீக்கடை உணவகச் சேவையின்கீழ் வருகிறது. 5 விழுக்காடு வரி வசூலிக்கும் உணவகம் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது, சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு விழுக்காட்டுத் தொகையை மட்டும் கட்டும் காம்போசிஷன் முறையில் இருந்தாலும் எடுக்க முடியாது. ஆண்டுக்கு 20 லட்சம் விற்பனையைத் தாண்டினால் பதிவும் எடுத்தாக வேண்டும். ஆகவே அந்த 18 விழுக்காடு முழுவதும் நம் செலவு. தம்பியின் கணக்கில் நுழைவுக் கட்டணத்துக்கான வரி மட்டுமே 90,000 ரூபாய்.

இதனால் பெயர் எதற்கும் உதவாது என்று நான் சொல்லவரவில்லை. பெயரும் அதன் பின்னால் இருக்கும் வலைப்பின்னலும் இல்லாமல் தொழிலே இல்லை என்னும்படியான வியாபாரங்கள் உண்டு. கூரியர் எடுத்துக்கொள்ளுங்கள்: வள்ளியூரில் ஒருவர் தனியாகக் கூரியர் ஆபீஸ் திறந்து, டெல்லிக்குப் பார்சல் அனுப்ப முடியாது. பெட்ரோல் பங்க், இருசக்கர வாகன டீலர்ஷிப், ஆவின் பாலகம் எல்லாம் அந்த வகை. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் சொந்தமாகப் பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். பின்பு அவருடைய நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் வாகனங்களுக்கு விநியோகஸ்தராக இருந்தே பெருவளர்ச்சி கண்டது. கார் தயாரிக்கும் வேலையை யாரும் பாளையில் அடுப்பு மூட்டித் தொடங்க முடியாது. அங்கே அடுத்தவர் பெயரை எடுத்து விற்பதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. டீயும் வடையும் அப்படியல்ல. பாலும் டீத்தூளும் யாருக்கும் கிடைக்கும். மீதியெல்லாம் மாஸ்டரின் கையிலும் கல்லாவில் உட்காருகிறவரின் முகத்திலும் இருக்கிறது.

அதிலும் நம் ஊர் நாக்கு பெயரைப் பார்த்து அடங்குகிற நாக்கு அல்ல. டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடைக்கு மாலையில் நிற்கும் கூட்டம், விளம்பரத்தால் சேர்ந்தது அல்ல. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த பதத்தால் சேர்ந்தது. அதே சமயம், பேருந்து நிலையங்களை ஒட்டி ஒரே பெயரைச் சிறு சிறு மாற்றங்களோடு எழுதி வரிசையாக நிற்கும் அல்வாக் கடைகளையும் வெளியூர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். ருசியால் சம்பாதித்த பெயரைக் காப்பாற்றுவது தனி வேலை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். சொந்தமாகத் தொடங்குகிறவர் முதல் மாதத்திலேயே பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்துவிட வேண்டும். தனி நபருக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். உணவகச் சேவை 43-ஆவது வகுப்பில் வருகிறது. பதிவு கிடைத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ராயல்டியாக ஒரு மாதத்தில் போகும் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இது வராது.

அடுத்ததாக ஒப்பந்தம். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1979-இலிருந்து அதற்கு ஒரு விதி நடப்பில் இருக்கிறது; பிரான்சைஸ் விற்கிறவர் 23 தலைப்புகளில் உள்ள விவரங்களை, மூடிப்போன கடைகளின் கணக்கு உட்பட, கையெழுத்துக்கு 14 நாள் முன்பே எழுத்தில் கொடுத்தாக வேண்டும். நம்மிடம் இருப்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், வணிகச் சின்னச் சட்டமும், அவற்றைப் போன்ற பொதுச் சட்டங்களும்தான். அதனால் அங்கே சட்டம் கேட்டுக் கொடுக்கிற விவரங்களை இங்கே நாமேதான் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் தயங்குகிற நிறுவனம் என்றால் அந்தத் தயக்கமே ஒரு விவரம்.

தம்பி கொண்டுவந்த ஒப்பந்தத்தில் என்னை நிறுத்திய இடங்கள் சில. கடையின் வாடகை ஒப்பந்தத்தை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி. நடுவில் ஒப்பந்தம் முறிந்தால் கடை இருக்கும் இடமும் கைவிட்டுப் போகும் என்பதே அதன் பொருள். ஐந்து ஆண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர்கள் அந்த வாசலுக்குத்தான் வருவார்கள். தகராறு வந்தால் பெங்களூரில் நடுவர் தீர்ப்பாயம் என்று ஒரு வரி. பாளையில் டீக்கடை வைத்திருப்பவர் கடையைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வழக்காடப் போக முடியுமா? மூன்றாவது, எல்லை. 2 கிலோமீட்டர் சுற்றளவில் வேறு கிளை தரமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். வரைபடத்தில் வட்டம் அழகாக இருக்கிறது, ஆனால் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. சுலோசனா முதலியார் பாலத்தைக் கடந்து ஜங்ஷனிலிருந்து யாரும் டீ குடிக்கப் பாளைக்கு வரப்போவதில்லை. ஆகவே வட்டத்தின் ஆற்றுக்கு அந்தப்பக்கப் பகுதி நமக்குப் பயனில்லாத பாதுகாப்பு, உண்மையில் போட்டி வரக்கூடிய புதிய பேருந்து நிலையப் பக்கமோ வட்டத்துக்கு வெளியே. செயலி வழியாக வீட்டுக்கே கொடுத்துவிடும் விற்பனை எந்தக் கிளைக்குச் சேரும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகு இரண்டு ஆண்டுக்கு அதே தொழிலைச் செய்யக்கூடாது என்ற வரியும் இருந்தது. இதைப் பார்த்துத் தம்பி பயந்தான். நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு அந்தப் பாதுகாப்பு அதே அளவில் கிடையாது. குஜராத் பாட்டிலிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் இடையிலான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலத்தில் போட்டிப் பொருளைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்றது. ஆகவே பிரான்சைஸ் எடுத்தவர் பக்கத்திலேயே மனைவி பெயரில் இன்னொரு டீக்கடை திறந்து சமாளிக்கலாம் என்று எண்ணுவது ஆபத்து. கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் தாளைக் காட்டக் கொடுக்கும் பணத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காகிதம் சொல்லாததை மனிதர்கள் சொல்வார்கள் என்பதால், அந்தப் பெயரில் கடை நடத்துகிறவர்களையும் நடத்தி விட்டவர்களையும் தேடிப் போனோம். நாகர்கோவிலில் நடத்திக்கொண்டிருப்பவர் மனநிறைவோடுதான் பேசினார். அவர் சொன்ன காரணம் நாங்கள் எதிர்பார்த்தது அல்ல. “பேருக்காவ இல்ல. மாஸ்டரு சொல்லாம கொள்ளாம போயிட்டாம்னா மறுநாளே வேற ஆளு அனுப்பி வைக்காங்க. அந்த ஒண்ணுக்காவத்தான் நான் இதுல இருக்கேன்” என்றார். டீக்கடை வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காலை நாலரைக்கு மாஸ்டர் வரவில்லை என்றால் அன்றைய பாதி வியாபாரம் அதோடு போயிற்று. இந்த ஏற்பாட்டுக்கு மட்டும் ஒரு விலை வைத்துக் கேட்டிருந்தால் தம்பியை நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் நடத்துகிறார். பழைய பெயர்ப் பலகையின் இரும்புச் சட்டத்தைக் கழற்றவில்லை. அதன்மேல் புதிய பிளெக்ஸை இழுத்துக் கட்டியிருக்கிறார், ஓரங்களில் பழைய நிறம் ஒரு விரற்கடை தெரிகிறது. அதே பாய்லர், அதே மாஸ்டர். கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலே பேசினார்: “மொத மாசம் ஆளு கொறஞ்சிது, இல்லன்னு சொல்லல. பெறவு பாலு அதே பாலுதான்னு தெரிஞ்சிட்டு, வந்துட்டாவ.” டீத்தூளை இப்போது தென்காசியிலிருந்து எடுக்கிறாராம், எடுத்த விலையையும் சொன்னார். எங்கள் கணக்கில் இருந்த 10,000 ரூபாய் வித்தியாசம் குறைவாகத்தான் போட்டது என்று அப்போது தெரிந்தது. ஆனால் அவருக்கு அந்த ஐந்து ஆண்டு கற்றுக்கொடுத்திருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. அவர் கட்டியதைப் படிப்புச் செலவு என்று எடுத்துக்கொண்டால், அதே படிப்பு வேறு எங்கே கிடைக்கும் என்பதே எங்களுக்கு மிச்சமிருந்த கேள்வி.

அதற்கு விடை நம் ஊரிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. சென்னையில் மளிகைக் கடைக்கு அண்ணாச்சி கடை என்ற பெயர் சும்மா வரவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து பையன்கள் சொந்தக்காரர் கடைக்குப் போய்ச் சேர்வார்கள்; சாப்பாடும் தங்குமிடமும் கடையிலேயே, சம்பளம் முதலாளியிடம் சேர்ந்துகொண்டே வரும். பொட்டலம் மடிக்கவும், சரக்கின் தரம் பார்க்கவும், கடன் கேட்கிறவரை முகம் கோணாமல் திருப்பி அனுப்பவும் பழகிய பிறகு, அந்தச் சம்பளத்தோடு முதலாளியே சரக்கையும் கடனாகக் கொடுத்து இன்னொரு தெருவில் கடை வைத்துக் கொடுப்பார். என் தாய்மாமன் அப்படித்தான் கடைக்காரரானவர். முறையும் சரக்கும் கிடைத்தன, ராயல்டி கிடையாது, கட்டிய விலை காலம் மட்டும். அந்த ஏற்பாட்டில் பையன்கள் பட்ட பாட்டையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விடியுமுன் எழுந்து நள்ளிரவில் படுத்த பிள்ளைப் பருவம் அது. ஆனால் வளர்ந்த ஒருவர் தன் விருப்பத்தோடு ஆறு மாதம் ஒரு கடையில் நின்று பழகுவதில் எந்தக் குறைவும் இல்லை. பிரான்சைஸ் நிறுவனங்கள் கொடுக்கும் பயிற்சியோ பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. பண்டிகை நாள் கூட்டமும் மழைநாள் வெறுமையும் அதற்குள் அடங்காது.

இதற்கிடையே வேறொரு நிறுவனமும் தம்பியை அணுகியது. பணத்தைப் போட்டால் போதும், கடையை நாங்களே நடத்தி மாதாமாதம் உறுதியான தொகை தருவோம் என்றார்கள். அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. பெருந்துறைப் பக்கம் 2012-இல் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது பணத்தை இழந்த குடும்பங்களுக்கும் மாதாமாதம் உறுதியான தொகை என்றுதான் சொல்லியிருந்தார்கள். டீக்கடையில் உறுதியான லாபம் என்று ஒன்று இல்லை. அதை உறுதி சொல்கிறவர் அடுத்துச் சேருகிறவரின் பணத்தை நம்பியிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பிரான்சைஸுக்கு வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மைதான், திட்ட அறிக்கையை நிறுவனமே தயாராகக் கொடுத்துவிடும். ஆனால் சொந்தத் தொழிலுக்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையில்லாக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் போகும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையான திட்டங்களை ஏற்கிறார்கள். நகரத்தில் பொதுப் பிரிவினருக்கு 15 விழுக்காடு மானியம், கிராமப்புறத்தில் பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடு. முனைஞ்சிப்பட்டியிலோ மூலைக்கரைப்பட்டியிலோ கடை வைக்க நினைக்கும் பெண்கள் பிரான்சைஸ் விளம்பரத்துக்குப் பதில் சொல்வதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

முடிவெடுப்பதற்கு முன் நிறுவனத்துக்குத் தம்பி ஒரு கடிதம் எழுதினான். வாடகை ஒப்பந்தம் தன் பெயரிலேயே இருக்க வேண்டும், தகராறுகளைத் திருநெல்வேலியில் பேசித் தீர்க்க வேண்டும், டீத்தூளும் கப்பும் தவிர மற்றவற்றை வெளியில் வாங்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தான். ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒன்றுதான், மாற்ற முடியாது என்று மரியாதையாகவே பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டோம்.

இப்போது அவன் மேலப்பாளையத்தில் தெரிந்தவர் ஒருவரின் கடையில் காலை நேரத்தில் நிற்கிறான். முதல் வேலையாகப் பால் காய்ச்சவும் டிகாஷன் இறக்கவும் பழகிக்கொண்டிருக்கிறான். மாஸ்டர் வராத நாளில் தானே பாய்லர் முன் நிற்க முடிய வேண்டும் என்பது நாகர்கோவில்காரரிடம் கற்றது. ஆவணியில் இடம் பார்க்கத் தொடங்குவான். நுழைவுக் கட்டணமாகப் போயிருக்க வேண்டிய 5,90,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவைத்திருக்கிறோம். வாடகையும் சம்பளமும் மாதம் 85,000 என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 5,10,000 ஆகிறது. கடை பிடிக்கும்வரை அந்தப் பணம் தாங்கும். மீதி 80,000-இல் வணிகச் சின்னப் பதிவு, உணவுப் பாதுகாப்பு அனுமதி, மாநகராட்சி உரிமம் ஆகியவற்றுக்கான செலவு போக மிஞ்சுவதை இரண்டாவது பாய்லருக்கு ஒதுக்கியிருக்கிறான்.